கடைசிப் பத்தியைக் காணவில்லை

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன் — ஸ்டெம் செல் சுரப்பை வைத்துத் தோலைப் புதுப்பிக்கும் வைத்தியம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. எந்த அழகு கிளினிக் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

வந்ததும் வராததுமாக என்ன உபதேசம் என்று முகம் சுளிக்காதீர்கள். நான் வழக்கமாக இப்படி ஆரம்பிக்கிறவன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு டீக்கடை, நான் அசடு வழிந்த கதை ஒன்று... அப்புறம்தான் விஷயத்துக்கு வருவேன். இந்த வாரம் அதற்கெல்லாம் பொறுமை இல்லை. கோபமாக இருக்கிறேன்.

எங்கள் அபார்ட்மென்ட் ஆவடி கோவில்பதாகையில். கீழ்வீட்டில் ஆரோக்கியசாமி குடும்பம். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். மகள் ஜெனிஃபர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஏழாவது படிக்கும்போது குக்கர் வெடித்து, இடது தாடையிலிருந்து கழுத்து வரை ஒரு தழும்பு. அந்தத் தழும்போடுதான் படித்தாள், வேலைக்குப் போனாள், காதலித்தாள். இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் அதே கம்பெனி. தழும்பைப் பார்த்துப் பழகிய பையன்தான்.

கத்தோலிக்கர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று பூசையில் அறிவிப்பது. முதல் ஓலை வாசித்தாயிற்று. பூசை முடிந்து வெளியே வந்தால், ஒரு அம்மா ஜெனிஃபரின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். “மூணாவது ஓலைக்குள்ள இதுக்கு எதாவது பண்ணிடும்மா. போட்டோல நல்லா இருக்காது.”

ஆட்சேபம் இருந்தால் ஃபாதரிடம் சொல்லச் சொன்னார்கள். பெண்ணின் தாடையைப் பிடித்துச் சொல்லச் சொன்னது யார்?

இத்தனை வருஷம் யார் என்ன சொன்னாலும் அசையாத பெண் அந்த ஒரு வாக்கியத்தில் அசைந்துவிட்டாள். புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும், வீட்டில் சொல்லாமல், அம்பத்தூர் பக்கம் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கிளினிக்குக்குப் போனாள். அங்கே மணப்பெண் பேக்கேஜ் என்று ஒன்று. வாரம் ஒன்றாக மூன்று சிட்டிங். “மூணு ஓலை, மூணு சிட்டிங். கரெக்டா முடிஞ்சிடும் மேடம்” என்று ரிசப்ஷன் பெண் சொன்னாளாம். பாருங்கள், எந்தச் சர்ச்சில் என்ன வழக்கம் என்பது வரைக்கும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தோலைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரோக்கியசாமி என் கதவைத் தட்டினார்.

“சார், செத்த கீழ வாங்க. பாப்பா மூஞ்சி வீங்கிக்கினு கீது. இன்னா பண்றதுன்னே தெர்ல.”

போய்ப் பார்த்தேன். இடது கண் பாதி மூடியிருந்தது. தழும்பு அப்படியேதான் இருந்தது. அதைச் சுற்றி, இதுவரை நன்றாக இருந்த கன்னத்தில், வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்... சிலவற்றில் சீழ். முள் உருளை மாதிரி ஒரு கருவியை முகத்தில் உருட்டி, அந்தத் துளைகள் வழியாக மருந்தை இறக்கியிருக்கிறார்கள். ஜெனிஃபர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தோல் டாக்டர், ஒரு பெண், கிளினிக்கில் ஜெனிஃபரிடம் கொடுத்தனுப்பிய மருந்துப் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேல தடவுறதுன்னு போட்டிருக்கு. இதை உள்ள குத்தியிருக்காங்க. இன்ஃபெக்‌ஷன்” என்றார். மாத்திரை எழுதினார். “வீக்கம் வடிஞ்சிடும். அடையாளம் நிக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது.”

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது, வேர்வைதான் வரும். அன்றைக்கு இரண்டும் வந்தது. ஆரோக்கியசாமியை பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராக அந்த மாடிக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். டாக்டரா என்று கேட்டேன், “கன்சல்டன்ட்” என்றார்.

“இந்தப் பாட்டில்ல என்ன இருக்கு?”

“ஸ்டெம் செல் செக்ரீஷன் சார். ஸ்கின் தானாவே ரீஜெனரேட் ஆகும்.”

“எந்த ஸ்டெம் செல்? மனுஷனோடதா, மாட்டோடதா, ஆப்பிளோடதா?”

“இம்போர்ட்டட் சார்.”

இதுதான் பதில். எதன் செல் என்று கேட்டால் எந்த ஊர் என்று சொல்கிறான். அதுவும் எந்த ஊர் என்றுகூட இல்லை, நம் ஊர் இல்லை என்று மட்டும்.

விஷயம் என்னவென்றால், அந்த அறிவியல் பொய் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான். ஸ்டெம் செல்களை, அதாவது வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்களை, ஒரு திரவத்தில் வளர்த்தால், அவை அந்தத் திரவத்துக்குள் என்னென்னவோ சுரக்கின்றன. வளர்ச்சிக்கான புரதங்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள். காயத்தில் சோர்ந்துபோய்க் கிடக்கும் செல்களை எழுப்பி, வேலையைப் பார் என்று சொல்கிற சமாச்சாரம். செல்லையே உடம்பில் வைக்க வேண்டாம், அது சுரந்த திரவமே போதும் என்பதுதான் யோசனை. தீக்காயக்காரர்களுக்கும், ஆறாத சர்க்கரைப் புண்ணோடு கட்டுப் பிரிக்க வரிசையில் நிற்கிறவர்களுக்கும் என்றைக்காவது உதவும் என்று பலர் லேபில் உட்கார்ந்து உழைக்கிறார்கள். திரும்பவும் சொல்கிறேன், இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஆறாத புண்ணுக்கு வர வேண்டியது, அதற்கு முன்னாலேயே பேரை மட்டும் களவு கொடுத்துவிட்டு, ஃபேஷியல் மெனுவில் உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் அந்த ஆளிடம் கத்திக்கொண்டிருந்தேன். “அடுத்த சிட்டிங் ஃப்ரீயா பண்ணித் தரோம் சார்” என்றார். ஃப்ரீயாக இன்னொரு தடவை குத்துவார்களாம்.

அப்போதுதான் பின்னால் இருந்து ஆரோக்கியசாமியின் குரல் கேட்டது.

“சார்... இன்னா சார் இது? உங்க போட்டோ கீது?”

திரும்பினேன். ரிசப்ஷன் சுவரில், சிகிச்சைக்கு முன்–பின் படங்களுக்கு நடுவில், லேமினேட் செய்து மாட்டியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதிய கட்டுரை. ஒரு ஆராய்ச்சியாளரின் பேச்சைக் கேட்டுவிட்டு, ‘தோலுக்கு ஒரு மறுபிறவி’ என்று தலைப்புப் போட்டு, உருகி உருகி எழுதியது. மேலே என் சிரித்த முகம்.

கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன் — இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, யாரும் கிளினிக்குகளை நம்பிப் போக வேண்டாம் என்று. அந்தப் பத்தி மட்டும் அங்கே இல்லை. கத்திரிக்கோலால் ஒழுங்காக, கோணாமல் வெட்டியிருந்தார்கள்.

ரிசப்ஷன் பெண் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சார், நீங்கதானா அது? எங்க கிளையண்ட்ஸ் எல்லாரும் படிப்பாங்க சார்.” சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஆரோக்கியசாமி அவளைத் தாண்டிப் போனார். அதைச் சுவரிலிருந்து பிய்த்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தது, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. திரும்பி வரும் வழி முழுக்க பின் சீட்டில் அந்தச் சுருளை அவர் விடவில்லை. மறுநாளே போலீஸில் எழுத்தில் புகார் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே ஜெனிஃபரிடம் கேட்டேன். “நீ அதைப் பார்த்தியாம்மா?”

“பார்த்தேன் அங்கிள். பயமா இருந்துச்சு, எழுந்து வந்துடலாம்னுதான் இருந்தேன். உங்க பேரைப் பார்த்தேன். அப்புறம்தான் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டேன்.”

“ஏம்மா என்கிட்ட இதை முதல்லயே சொல்லல?”

“நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் அங்கிள்.”

முகம் வீங்கி, கண் மூடி உட்கார்ந்திருந்த பெண் என் சங்கடத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள். எனக்கு அசிங்கமாக இருந்தது. வெட்டியது அவர்கள்தான், சரி. ஆனால் வெட்ட வசதியாக எழுதியது யார்? ருசியான சங்கதியை எல்லாம் மேலே பரப்பிவிட்டு, எச்சரிக்கையை பிஸ்கட் பாக்கெட்டின் காலாவதித் தேதி மாதிரி அடியில் ஒட்டியவன் நான். உங்களில் எத்தனை பேர் அந்தக் கடைசிப் பத்தி வரைக்கும் வந்தீர்கள்?

இரண்டாவது ஓலைக்கு அவள் போகவில்லை. போன ஞாயிறு மூன்றாவது. வீக்கம் வடிந்திருந்தது, புள்ளிகள் போகவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லி அவள் அம்மா கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. நானும் போயிருந்தேன். மாப்பிள்ளைப் பையன் தங்கள் சர்ச்சுக்குப் போகாமல் இங்கே வந்து, கூட்டத்தில் பின்வரிசையில் நின்றான். ஓலை வாசித்தார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்றார்கள். யாருக்கும் இல்லை. வெளியே அதே அம்மா எதிரில் வந்தார். ஜெனிஃபர் நின்று, அவரைப் பார்த்து, தாடையை அவளே கொஞ்சம் திருப்பிக் காட்டினாள்.

“நல்லாப் பார்த்துக்கோங்க ஆன்ட்டி. போட்டோல இப்படித்தான் இருப்பேன்.”

இந்த வாரக் கட்டுரையையும் யாராவது லேமினேட் செய்து மாட்டுவதாக இருந்தால் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள். முதல் வரியில் இருக்கிறது, நடுவில் இருக்கிறது, இதோ கடைசியிலும் வைக்கிறேன்: இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, போகாதீர்கள்.

கத்திரிக்கோலை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.