மூன்று கிண்ணங்களுக்கும் பயிற்சி கொடுத்தவன் நான்

லாலாங் புல் இடுப்பு உயரம் வளர்ந்து, மழை பெய்தால் எருமை படுக்கும் சேறாகக் கிடந்த இடத்தைக் காற்பந்துத் திடலாக்கியவன் நான். லோரிப் பட்டறையில் கிடந்த பழைய இரும்புக் குழாயை வெல்டிங் அடித்துக் கோல் கம்பம் நட்டவனும் நான்தான். கிள்ளானில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் அப்போது பந்து உதைக்கத் தெரிந்தவர்கள் என்று தேடினால் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்குக் காலணி கிடையாது. அவர்களை வைத்துத் தொடங்கி, கல்லூரிகளுக்கான போட்டியில் மூன்று முறை கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லோரி ஓட்டிய நான் இதைச் செய்தேன். எவனாவது வந்து சொல்லிக் கொடுத்தானா? ஒருவனும் இல்லை.

அப்படிப்பட்டவன் ஜெயித்துக்கொண்டிருந்த அணியை விட்டு ஏன் செமினியில் இருக்கும் வேறு கல்லூரிக்குப் போனான்? ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "அங்கிளுக்கு அங்க காரே கொடுத்திருக்காங்க லா" என்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். நான் அந்தக் கடைக்கு வந்ததே என் பழைய மோட்டார்சைக்கிளில்.

காரணம் ஒரு தாள். போட்டிக்கு முன்னால் கொடுக்கும் அணிப் பட்டியலில், பயிற்றுநர் என்ற இடத்தில் உரிமம் வைத்திருப்பவர் பெயர்தான் வர வேண்டும். உரிமத்துக்கு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். கல்லூரி என்னை அனுப்பத் தயாராகத்தான் இருந்தது. நான்தான் முதல் தடவை கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன், மறு தடவை முதுகு வலி என்றேன். பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் நடுவே எழுத்துக்கூட்டிக்கொண்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சமயம் விளையாட்டுத் துறைக்குப் புதிதாக வந்த விரிவுரையாளர் ஒருவரிடம் உரிமம் இருந்தது.

"சார், நீங்க சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க. மத்தத நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"எனக்கு ஒன்னும் பிரச்சினை இல்ல அங்கிள்" என்றார்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் தப்பா?

ஆட்டத்தை நான் கேண்டீன் மேசையில்தான் சொல்லிக் கொடுப்பேன். பதினொரு சோடா மூடிகளைப் பரப்பி, யார் எங்கே ஓட வேண்டும் என்று நகர்த்திக் காட்டுவேன். பிறகு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கையால் நகர்த்திக் காட்ட வேண்டும். வாயால் "புரிஞ்சிருச்சி அங்கிள்" என்றால் திடலில் இறங்க விடமாட்டேன். விரிவுரையாளர் பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுப்பார். ஆசையாக எடுக்கிறாரே என்று வெளிச்சம் விழ நகர்ந்துகூடக் கொடுத்தேன். அந்தப் படங்களைத் திரையில் காட்டி, தம்முடைய பயிற்சி முறை என்று அவர் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது கிண்ணத்துக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. வெற்றிப் பயிற்றுநர் என்று அவரை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். கடைசியில் அறிவிப்பாளர், "ஆட்டக்காரர்களுக்குத் தண்ணியும் ஆரஞ்சும் கொண்டு வந்து கொடுக்கிற நம்ம அங்கிளுக்கும் ஒரு கைத்தட்டு!" என்றார்.

எங்கள் கோல்கீப்பர் எழுந்து, "அவர்தான் கோச்!" என்று கத்தினான்.

"பாருங்க, அங்கிள் மேல எவ்வளவு பாசம்!" என்று அறிவிப்பாளர் சிரித்தார். மண்டபமே சிரித்தது. விரிவுரையாளர் மைக்கை வாங்கிக் கடவுளுக்கும் மனைவிக்கும் கல்லூரி முதல்வருக்கும் நன்றி சொன்னார். மேடையிலிருந்து பார்த்தால் முன் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பது தெரியாமலா இருக்கும்?

மறுநாள் கல்லூரி முதல்வரிடம் போனேன். "பதிவுல மூனு வருஷமும் அவர் பேருதான் இருக்கு, அங்கிள். இப்ப மாத்தினா, உரிமம் இல்லாம யார் பயிற்சி கொடுத்தான்னு கேள்வி வரும். கிண்ணத்தையே பிடுங்கிடுவாங்க. பரவாயில்லையா?" என்று கேட்டார். எழுந்து வந்தேன். வெளியே படிக்கட்டில் விரிவுரையாளர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதானே அங்கிள் கையெழுத்துப் போடச் சொன்னீங்க?"

திடலுக்குப் போய் என் விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வாரமே செமினி கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். எழுதப் படிக்க நான் திணறுவதை ஒளிக்காமல் சொன்னேன். அங்கே அலுவலகத்தில் இருக்கும் ஒரு அம்மா, "அதுக்கென்ன அங்கிள், உரிமப் பரீட்சைல வாயாலயே பதில் சொல்லலாம். முன்கூட்டியே கேட்டுக்கணும், அவ்வளவுதான்" என்றார். விண்ணப்பத்தையும் அவரே நிரப்பினார். ஒரே தடவையில் தேறினேன். கிள்ளானில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கிள்ளான் கல்லூரிக்குச் சொல்கிறேன். போட்டிப் பதிவை நீங்கள் தொட வேண்டாம், கிண்ணம் அங்கேயே இருக்கட்டும். ஆனால் கல்லூரிக்குள் இருக்கும் நடைபாதைச் சுவர் உங்களுடையது. அதில் என்ன எழுத வேண்டும் என்று வெளியாள் யாரும் சட்டம் போடவில்லை. அங்கே மாட்டியிருக்கும் மூன்று அணிப் படங்களுக்கும் கீழே, திடலை உண்டாக்கி அணியைப் பழக்கியவர் என்று என் பெயரை எழுதுங்கள். விரிவுரையாளர் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அது எனக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மேலே வேண்டாம்.