லைட்டா ஐம்பது தண்டால்

அறுவை சிகிச்சை முடிந்த ஆறாம் நாள் காலை, தலையைத் துடைத்த துண்டில் ரத்தத்தைப் பார்த்தேன். ரத்தத்தோடு மிளகு அளவில் கறுப்புப் பொருக்குகள். ஒவ்வொரு பொருக்கிலும் ஒரு குட்டி முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அறுபத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை இறக்கத் தொடங்கி, இன்று மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இந்த உடம்புதான் தூக்கியது. இருபது வயதிலிருந்து தினமும் காலையில் இருநூறு தண்டால், முந்நூறு பஸ்கி (உட்கார்ந்து எழுவது). சட்டையைக் கழற்றி நின்றால் நாற்பது வயது என்பார்கள். பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் என்ன இருந்தது என்று சொன்னால்தானே என்ன போனது என்று உங்களுக்குத் தெரியும்.

தலையில் மட்டும் முன்பக்கம் மொத்தமும் வழுக்கை. மகன் கல்யாணத்தில் பெண் வீட்டார் ஒருவர் என்னைக் காட்டி, "மாப்பிள்ளையோட தாத்தாவா?" என்று கேட்டுவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. மறு மாதமே யாரையும் கேட்காமல் அடையாறில் ஒரு கிளினிக்கில் போய் நின்றேன்.

பின்தலையிலிருந்து முடிகளை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்தலையில் நட்டார்கள். அப்படி எடுத்து நடும் வேருக்கு கிராஃப்ட் (ஒட்டு நாற்று மாதிரி) என்று பெயர். காலையில் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். தலையெல்லாம் ஊசி. முகம் சுளிக்கவில்லை. நர்ஸம்மாவே ஆச்சரியப்பட்டார்.

கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். தமிழில்தான் இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். அத்தனை பேர் எதிரில் விரல் வைத்துப் படிக்க வெட்கப்பட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். எனக்கென்று ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

"எக்சர்சைஸ் பண்லாமா டாக்டர்?"

"லைட்டா பண்ணலாம் ஐயா. ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க."

லைட்டா. அவருக்கு அது தெருமுனை வரை நடந்துவிட்டு வருவது. இருநூறு எடுப்பவனுக்கு ஐம்பதுதான் லைட். நான் எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்கவில்லை. என்ன எக்சர்சைஸ் என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் மாடியில் ஐம்பது எடுத்தேன். தண்டாலில் ஒவ்வொரு முறையும் தலை தரை வரை போய்த்தான் எழும். நட்ட இடம் விண்விண்ணென்று தெறித்தது. ரத்த ஓட்டம் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். முடித்ததும் கை தானாகத் துண்டை எடுத்து, நாற்பது வருடப் பழக்கத்தில் நெற்றியிலிருந்து உச்சி வரை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தது.

துணி காயப்போட வந்த மனைவி பார்த்துவிட்டாள். "இன்னாய்யா இது ரத்தம்? உன்ன யாரு தண்டால் எடுக்கச் சொன்னது?"

"டாக்டருதான் லைட்டா எடுக்கலாம்னுச்சு."

"அம்பது லைட்டா உனுக்கு? சொல்றது எதுவும் உன் மண்டையில நிக்காதுனு தெரியும். நட்ட மயிரு கூடவா நிக்காது?" சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அப்புறம்தான் மருமகள் அந்தத் தாளைப் படித்துக் காட்டினாள். குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. வியர்க்க விடக் கூடாது. தலையைத் துடைக்கவே கூடாது. எல்லாம் அதில் இருந்தது. ஆறு நாளும் என் நெஞ்சுக்கு மேலேயே இருந்தது.

காயத்தில் தொற்று (கிருமி புகுந்து சீழ் பிடிப்பது) வந்தது. மருந்து சாப்பிட்டுச் சீழ் ஆறியது. மூன்றாம் வாரம் மிச்சமிருந்த நட்ட முடியும் கொட்டத் தொடங்கியது. இதற்கு ஷாக் லாஸ் (அதிர்ச்சியில் முடி மட்டும் உதிர்வது, வேர் உள்ளே இருக்கும்) என்று பெயராம். எல்லோருக்கும் வருவதுதான், நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும் என்றார் டாக்டரம்மா.

"துடைச்ச எடத்துல?"

அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "அங்க வேரோடயே பிச்சுக்கிட்டு வந்துடுச்சு ஐயா. மறுபடி எடுத்து நட, பின்தலையில போதுமான முடி இல்ல."

நெற்றிக்கு மேலே, துண்டு போன வழி அப்படியே இருக்கிறது. நாலு விரல் அகலம்.

இதே சிகிச்சை செய்துகொண்டு, எப்போது உடற்பயிற்சிக்குத் திரும்பலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லைட்டா என்ற சொல்லை நம்பாதீர்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை டாக்டர் எதிரில் செய்தே காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டேன்.

இரண்டு மாதம் எதுவும் செய்யக் கூடாது என்றார்கள். செய்யவில்லை. லாரியில் மூட்டை சரிந்தபோது கூட எட்ட நின்று பார்த்தேன். சட்டை தோளில் தொளதொளத்தது. "உட்டுரு நைனா, கேப் போட்டுக்கோ, யாரு பாக்கப் போறாங்க?" என்றான் மகன். அவனுக்குத் தலைதான் கண்ணில் பட்டது. என் கை இளைத்ததை அவன் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் முடிந்து, இனி எல்லாம் செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள் காலை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். இருபது வருடமாக என்னோடு பயிற்சி எடுக்கும் ஆட்டோக்கார கன்னியப்பன் இருந்தான். மணலில் கை ஊன்றினேன். ஏழுக்கு மேல் போகவில்லை.

"இன்னா தலைவரே, ஏழுலயே பிரேக்டவுனா?"

"மூச்சு வாங்கிக்கினு கீறேன்டா."

"மூச்சு வாங்குறவன் நெஞ்சத் தடவுவான். நீ இன்னா தலையத் தடவிக்கினு கீற?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவன் வராத நேரம் பார்த்துப் போகிறேன்.

வலு போனதை விட அச்சம்தான் பெரிது. தலை கீழே இறங்கும்போது நெற்றியில் ரத்தம் வந்து தட்டும். எப்போதும் தட்டுவதுதான். முன்பு அது தெரிந்ததே இல்லை. இப்போது அந்த இடத்தில் உள்ளே ஏதோ பிய்கிறது என்று தோன்றுகிறது. பிய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கும் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்ட உடம்பு இது.

எட்டு மாதம் ஆகிறது. மற்ற இடங்களில் பூனை முடி மாதிரி கொஞ்சம் வந்திருக்கிறது. அதை நான் கண்ணாடியில் பார்ப்பதில்லை.

கடற்கரையில் ஒரு தண்டால் எடுத்ததும் எழுந்து உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்க்கிறேன். வியர்வைதான். காய்ந்த பிறகு அடுத்தது. ஏழு முடிப்பதற்குள் வெயில் முதுகில் ஏறிவிடுகிறது. முன்பெல்லாம் இந்த நேரத்துக்குள் இருநூறும் முடித்துவிட்டு, சைதாப்பேட்டையில் முதல் லாரியை அனுப்பியிருப்பேன். இன்று நாலாவதற்குக் கை ஊன்றிவிட்டு, மணலைப் பார்த்தபடி அப்படியே நின்றேன். இறங்கவும் இல்லை, எழவும் இல்லை.