சீமையில் ஒரு பட்டிக்காடு

எனக்கு வயது எழுபத்தைந்து. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. தங்கை போனபின் அவளுடைய மூன்றும் என் அடுப்படியில்தான் வளர்ந்தன. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பர்மாவில், இன்சீன் ரயில் பட்டறைக்குப் பின்னால் லைன் வீட்டில் பிறந்தேன், இன்றைக்கும் அந்தப் பட்டறைச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறேன். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். மற்றதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கோயில் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த தமிழ் இதற்குப் போதும்.

என் பெரியப்பா சீமைக்குப் போய்வந்தவர். பட்டறைத் துரை ஊர் திரும்பியபோது, இவர் வைக்கிற மீன்குழம்பை விட மனமில்லாமல் சமையலுக்குக் கூடவே அழைத்துப்போனார். பெரியப்பா இரண்டு குளிர்காலம் தாங்கிவிட்டு, அடுத்ததற்கு முன் கப்பலேறி வந்துவிட்டார். லைனில் எல்லோரும் அவரை லண்டன்காரர் என்பார்கள். லண்டனை அவர் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இருந்ததெல்லாம் ஒரு சின்னக் கிராமத்தில்.

அந்தக் கிராமம் எனக்கு மனப்பாடம். எந்த ராஜா காலத்தில் கட்டியது என்று அவர்களுக்கே மறந்துபோன ஒரு மாதா கோயில். வாத்து நீந்துகிற குளம். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத புல்தரை. அதில் யார் வீட்டு ஆடும் மேயலாம், எவனும் வேலி போடக் கூடாது. முன்னொரு காலத்தில் பண்ணையார் ஒருவர் வேலி போட, ஊரே கூடிப் பிடுங்கி எறிந்ததாம். கடை ஒன்றுதான், அதுவே தபாலாபீஸ். மாடுகள் தெருவெல்லாம் சாணி போட்டுக்கொண்டு போகும். வீட்டுக்குள் குழாய் கிடையாது, பம்பில் அடித்துச் சுமக்க வேண்டும். கக்கூஸ் தோட்டத்துக் கோடியில். எதிரே பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள், மழை வருமா என்றுதான் கேட்பார்கள். பக்கத்துக் கிராமத்தானையே அந்நியன் என்பார்களாம். “அப்ப என்னை என்னன்னு சொல்லியிருப்பானுங்க, பாத்துக்க!” என்று பெரியப்பா சிரிப்பார்.

புல்தரை ஓரத்தில் ஒரு கல் உண்டு. சண்டைக்குப் போய்த் திரும்பாத அந்த ஊர்ப் பையன்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கும். வருடத்தில் ஒருநாள் ஊரே அங்கே வந்து நிற்கும், ஒருவர் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசிப்பார். இந்த இடத்துக்கு வந்ததும் பெரியப்பா கதையை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

எனக்குப் பத்து வயதில், பெரியப்பாவின் மகளைப் பெண் பார்க்கத் தாகேதாவிலிருந்து வந்தார்கள். அந்த அக்காவுக்கு முன்னால் வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இவர்களை இழுத்துவந்ததே சீமைக்குப் போய்வந்த வீடு என்கிற பேச்சுதான். கதவிடுக்கில் மாப்பிள்ளையைப் பார்த்த அக்கா, என் கையை வலிக்கக் கிள்ளினாள். பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

இங்கே விருந்தாளிக்கு வைக்கிற ஊறவைத்த தேயிலையையும் வறுத்த கடலையையும் மென்றுகொண்டே மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆரம்பித்தார்.

“சீமையில வீதியெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குமாமே?”

“நான் இருந்தது பட்டிக்காடுங்க. மழை பேஞ்சா சேறு. சாணி மிதிக்காம நடக்கறதே பெரும்பாடு.”

“சீமையில ஏதுங்க பட்டிக்காடு? சீமைன்னா சீமைதானே!”

“இருக்குங்க. தண்ணிகூட பம்புல அடிச்சுத்தான் சுமப்பாங்க.”

தாய்மாமன் தட்டைக் கீழே வைத்தார். “வெள்ளைக்காரன் தண்ணி சுமந்தான், அதை நீங்க பாத்தீங்க! ஏங்க, கப்பல்லதான் போனீங்களா, இல்ல இந்தச் சுத்து ரயில்ல ஏறி ஒரு சுத்து சுத்திட்டு இன்சீன்லயே எறங்கிட்டீங்களா?”

வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னதால் பெரியப்பா பொய்யராகிவிட்டார்.

“இந்தாங்க, கொஞ்சம் உள்ள வாங்க” என்று பெரியம்மா கூப்பிட்டாள். “உங்க ஊர்ல ரெண்டு மாளிகை கட்டினா என்ன கொறைஞ்சிடும்? புள்ள மொகத்தைப் பாருங்க.”

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “சும்மா வேடிக்கைக்குச் சொன்னேங்க” என்றார். பிறகு கட்டத் தொடங்கினார். மாதா கோயிலுக்குத் தங்கக் கூரை வந்தது. குளத்துக்குப் பளிங்குப் படி. வாத்தெல்லாம் அன்னமாயிற்று. பம்பு போய் வெள்ளிக் குழாய் வந்தது, அதில் திருகினால் வெந்நீர்.

“அப்படிச் சொல்லுங்க!” என்று தாய்மாமன் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அந்தக் கல்லு, பெரியப்பா? அதுவும் தங்கம்தானே?” என்று கத்தினேன்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “அது வெறும் கல்லும்மா” என்றார்.

“பளிங்காங்க?” என்றார் தாய்மாமன்.

“இல்லீங்க. சாதாக் கல்லு. பேரை மட்டும் ஆழமா வெட்டியிருப்பாங்க.”

நல்லவேளை, அந்நேரம் காப்பி வந்தது. குடித்து முடிப்பதற்குள் நிச்சயமும் ஆயிற்று. எனக்குத்தான் ஆறவில்லை. அத்தனை அழகாகக் கட்டிய ஊரில் அந்த ஒரு கல்லை ஏன் அப்படியே விட்டார்? அன்றைக்குச் சாயங்காலம் போய்க் கேட்டேன். “போய் வெளையாடு” என்றார்.

விஷயம் பெரியம்மாவுக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். ஜப்பான்காரன் வந்தபோது நம் ஜனங்கள் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள் அல்லவா, அப்போது அக்கா பெரியம்மாவின் இடுப்பில், அவளுக்கு மூத்தவன் பெரியப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தானாம். பிள்ளைகளில் ஊர் போய்ச் சேர்ந்தது அக்கா மட்டும். மலைப்பாதை ஓரத்தில் அவன்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு நடந்தார்களாம். அடையாளத்துக்கு ஒரு கல் வைக்கக்கூட நேரமில்லை.

சண்டை ஓய்ந்து இங்கே திரும்பிவந்து, அதற்குப் பிறகுதான் பெரியப்பா சீமைக்குப் போனது. அங்கே அந்தப் பெயர்களை வாசித்து முடித்த நாளில், பெரியப்பாவும் கடைசியாக ஒரு பெயரைச் சொன்னாராம். பக்கத்தில் நின்ற கிழவி யாரென்று கேட்டதற்கு, “எங்க ஊர்ப் பையன்” என்றாராம்.

அவன் பெயர் முத்தையா.

எழுதிவிட்டாயா, கண்ணு? இனி முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். பெயர் வருகிற இடத்தில் வாய்க்குள் முனகாதே. சத்தமாக வாசி.