சத்தம் மட்டும் போடும் துப்பாக்கி

நாடுவிட்டு வந்து நாங்கள் குடியேறிய குளிர்நாட்டு நகரில், அம்மருட் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் உள்ள காட்டில்தான் அவரைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். பஸ் சாரதியின் சீருடைச் சட்டை, நனைந்த சப்பாத்து. நீளக் கயிற்றில் ஓர் இளம் செட்டர், பறவை வேட்டைக்குப் பழக்கும் நாய். கதைக்கும்போதெல்லாம் அதன் காதைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

“தம்பி தமிழோ? இதை ஒருக்காச் சுட்டுத் தருவியளோ?”

சத்தம் மட்டும் போடும் பயிற்சித் துப்பாக்கியை நீட்டினார்.

“பறவையைக் கண்டால் சிலை மாதிரி நிக்கும். வெடி கேட்டால் நிலத்தோடை ஒட்டிப் படுத்திடும். சனிக்கிழமை வேட்டைநாய்ச் சோதனை. அங்கையும் படுத்தால், தந்தவன் திருப்பி எடுத்திடுவான். இஞ்சை எனக்கெண்டு இது ஒண்டுதான்.”

“சரியான பயந்த நாயோ?”

“பிழை நாயிலை இல்லைத் தம்பி.”

தள்ளிப் போய்ச் சுட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தார். பக்கத்தில் நாயும் அப்படியே கிடந்தது.

எழுந்து இலைகளைத் தட்டினார்.

“இன்னொருக்கா.”

ஏழெட்டு முறை சுட்டேன். ஏழெட்டு முறையும் இருவரும் விழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சுட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.