குளிப்பாட்டி வைத்த லாரி

என் தம்பியின் லாரி என்ஜினைக் கெடுத்தது துரு என்று எல்லோரும் சொல்வார்கள். கெடுத்தது நான். இதை எழுதவே எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் அவன் ஒரு பழைய லாரி வாங்கினான். இரண்டாம் வருடமே, மூட்டை அடுக்கும்போது மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று வருடம் கட்டிலும் கைத்தடியுமாகக் கிடந்தான். வண்டி மோகனூருக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில் வெட்டவெளியில் நின்றது. "வண்டியப் பாத்துக்கங்கண்ணா, நான் எந்திரிச்சு வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான். மறுபடி தன் வண்டியில் ஏறி உட்கார வேண்டும், அடுத்தவன் வண்டிக்குக் கூலிக்குப் போகக் கூடாது. அந்த மூன்று வருடமும் அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். காற்றை வடிகட்டி என்ஜினுக்குள் விடும் ஏர் கிளீனரை எவனாவது களவாடிவிடுவான் என்று நானே கழற்றிப் பரணில் போட்டேன். திறந்து கிடந்த வாய்க்கு ஒரு சாக்குத் துண்டைக் கட்டினேன். ஓடாத வண்டி என்றாலும் ஆயுத பூஜை போடாமல் விட முடியுமா? கழுவாத வண்டிக்கு எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள். வருடா வருடம் பானெட்டைத் தூக்கி, குடம் குடமாக என்ஜின் தலையிலேயே ஊற்றினேன். பிறகு சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வெளியே வண்டி நன்றாகத்தான் இருந்தது.

தம்பி தடியில்லாமல் நடக்கத் தொடங்கியதும் முதலில் வந்த இடம் அந்த வாசல்தான். புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹேண்டில் போட்டு இரண்டு பேர் தொங்கியும் என்ஜின் அசையவில்லை. நாமக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தான்.

நான்கு நாள் வேலை. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து சிலிண்டர்களுக்குள் ஊற்றி ஊறவிட்டோம். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றலாம் என்றால் நட்டு ஒவ்வொன்றும் இறுகிப்போய்க் கிடந்தது. ஸ்பேனர் வழுக்கியது, நட்டின் மூலை தேய்ந்தது. தீ காட்டி, அடித்து, டீசல் விட்டு, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு நட்டுக்கு அரை நாள் போன கதையும் உண்டு. இரும்பைக் கெட்ட வார்த்தையில் திட்டிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் விரல் மடங்கவில்லை, சோறெல்லாம் டீசல் வாடை. சலித்துப்போயிற்று. விட்டுத்தொலை என்று சொல்ல வாய் வரை வந்தது.

தம்பியால் குந்த முடியாது. மட்கார்டில் சாய்ந்து நின்றபடியே, கழன்ற நட்டுகளைத் துடைத்து, எது எந்த இடத்தது என்று வரிசை மாறாமல் ஒரு பலகையில் வைத்துக்கொண்டிருந்தான். நாளைக்கே பூட்டப் போகிறவன் மாதிரி. அதைப் பார்த்துவிட்டு எப்படி விடச் சொல்வது?

மூன்றாம் நாள் ஹெட் கழன்றது. ஆறு சிலிண்டரில் நான்கு சுத்தம். இரண்டில் மட்டும் செங்கல் நிறத்தில் துரு அப்பியிருந்தது. காற்று போகிற வழியில் மெக்கானிக் திருப்புளியை விட்டுச் சுரண்டினார். மக்கிய சாக்கு நாரும், கருகிய சாமந்தி இதழ் இரண்டும் வந்தன. தண்ணீர் போன வழி எனக்கு அப்போதுதான் புரிந்தது. லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி அந்த இதழ்களைப் பார்த்தான். பிறகு அடுத்த நட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

பிடித்துக்கொண்ட பிஸ்டன்மேல் மரக்கட்டையை வைத்து சம்மட்டியால் அடித்தோம். ஒன்று இளகியது. நான்காம் நாள் மத்தியானம் வரை இன்னொன்று இளகவேயில்லை. சம்மட்டி என் கையில்தான் இருந்தது.

"இன்னொரு போடு போடுங்கண்ணா" என்றான் தம்பி.

போட்டேன். சத்தம் மாறியது. மெக்கானிக் என்ஜினின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தால் ஒரு கோட்டைக் காட்டினார். தலைமுடி அளவுதான் இருந்தது.

"என்ஜின் பிளாக்கே வெடிச்சுருச்சுங்க. இனி இது பழைய இரும்புக்குத்தான்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சும்மா நின்ன வண்டிக்குள்ள இத்தன தண்ணி எப்புடிங்க போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்:

"மழத்தண்ணிங்க. மூணு வருசமா வெளியவே நின்னுச்சுல்லங்க."

மெக்கானிக் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினார். நாமக்கல்காரர்தான், அவருக்கும் எங்கள் பக்கம் தெரியும். அந்த மூன்று வருடமும் எங்கள் பக்கம் மழையே கிடையாது. கிணறு வற்றி, குடிக்கிற தண்ணீரை மாட்டு வண்டியில் இழுத்து வந்த காலம். அந்தத் தண்ணீரைத்தான் நான் ஊற்றியிருந்தேன்.

அடுத்த வாரம் தம்பி திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒருவரின் போர் லாரிக்கு டிரைவராகச் சேர்ந்தான். பஸ் ஏறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முதலில் தூக்கி வைத்தான். "வாரனுங்கண்ணா" என்றான். "பாத்துப் போ சாமி" என்றேன். நான்தான்டா என்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்றுவரை அவனும் கேட்கவில்லை.