நேர்க்கோணமும் கருவாடும்

நான் ஆறாம் வகுப்புப் படித்தது செமிலிங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில், எழுபதுகளின் கடைசியில். கணக்குச் சார் ஒருநாள் கரும்பலகையில் நேர்க்கோடு ஒன்று போட்டு, நடுவில் புள்ளி வைத்தார்.

"இதுவும் கோணம்தான். நேர்க்கோணம். நூற்றெண்பது பாகை."

"வெறும் கோடுதானே சார்? கோணம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"கண்ணு தெரியலன்னா முன்னால வந்து பாரு."

வகுப்பே சிரித்தது. முன்னால் போய்ப் பார்த்தேன். அப்போதும் கோடுதான் தெரிந்தது.

அடுத்த பள்ளி விடுமுறையில் அம்மா என்னைக் கடலோரக் கோத்தா கோலா மூடாவில் இருந்த பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அங்கே கருவாடு போடுவதுதான் தொழில். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கருவாட்டு நாற்றம் மூக்கில் ஏறியது. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் தட்டிகள். அவற்றின்மேல் உப்புத் தடவிய மீன்கள். மீன்களை மொய்த்தபடி ஈக்கள். அதே ஈக்கள்தாம் சோற்றுத் தட்டிலும் வந்து உட்கார்ந்தன. தலையணையில்கூட அந்த நாற்றம். பெரியம்மாவோ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

ஒரு மழை விட்ட காலையில் தட்டிகளைப் பார்க்கப் போனோம். வயிற்றைக் கீறிப் பிளந்து வைத்திருந்த மீன் ஒன்று பாதி மூடிக்கொண்டு கிடந்தது.

"இப்படி மூடிக் கெடந்தா உள்ள காயாதுலா. நல்லா விரிச்சு விடு" என்றார் பெரியம்மா.

விரலை விட்டேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. ஒன்று என் நகக்கண்ணில் ஏறியது. கையை உதறினேன்.

"புழுவா கடிக்கப் போகுது? அமுக்கும்மா!"

கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். மூடினால் புழுவின்மேலேயே கை வைத்துவிடுவேனோ என்று பயம். அதனால் பார்த்துக்கொண்டே அமுக்கினேன். மீனின் இரண்டு பக்கமும் மெல்ல விலகின. குறுங்கோணம். இன்னும் விலகி, செங்கோணம். பிறகு விரிகோணம். கடைசியில் தட்டியோடு தட்டியாகப் படுத்துவிட்டது. நடுவில் முதுகெலும்பு அப்படியே இருந்தது. சார் வைத்த புள்ளி அதுதான். கோணம் எங்கும் போய்விடவில்லை. இரண்டு பக்கமும் எதிரெதிரே நீட்டிக்கொள்ளும் அளவுக்குத் திறந்திருந்தது.

புரிந்ததற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. வேலியோரம் ஓடி, குடித்த தேத்தண்ணீரை வாந்தி எடுத்தேன்.

பள்ளி திறந்ததும் சார் மறுபடி அந்தக் கோட்டைப் போட்டார். நான் எழுந்து மீனைப் பற்றிச் சொன்னேன், புழுவையும் விடாமல்.

"சீ, போதும், உக்காரு! நான் இன்னும் பசியாறல" என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் வெண்கட்டியை எடுத்து, புள்ளிக்கு மேலே ஓர் அரைவட்டம் வரைந்தார்.

பக்கத்தில் இருந்த தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். நகர்ந்துகொண்டே, "இப்பதான்டி புரியுது" என்றாள்.