வழுக்காத கை

தை மாதம் மூன்றாம் தேதி, காணும் பொங்கல், பிற்பகல் மூன்றே கால் மணி. வெயில் கொளுத்தியது, கொள்ளிடத்துப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்றுகூட இல்லை. திருமானூர் மைதானத்தில் அன்றைக்குத்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, எனக்கு இன்றுவரை தீராத எரிச்சலை உண்டாக்கினார்.

இப்போது என் பேரன் டிவியில் கபடி பார்க்கிறான். மெத்தை விரித்து ஆடுகிறார்கள்; விழுந்தால் தடவிவிட இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். மாமா கட்டாந்தரையில் ஆடியவர். சிலோனுக்குப் போன சடுகுடு கோஷ்டியில் எங்கள் பக்கத்து ஆள் அவர் ஒருவர்தான். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் மூச்சு முறியும்வரை விட மாட்டார். அத்தனை வருட ஆட்டத்துக்கும் கிடைத்தது ஒரு கோப்பையும் மடங்காத இரண்டு விரல்களும். வேலை என்று ஒன்று கிடைக்கவில்லை. அன்றைக்கு அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலையிலிருந்து தங்கள் குழுவுக்கு ஆள் பார்க்க ஓர் அதிகாரி வந்திருந்தார். தேறினால் ஆலையில் நிரந்தர வேலை.

காலையில் மாமா எனக்குப் பொங்கல் காசாக நாலணா கொடுத்திருந்தார். அதை அவர் மேலேயே பந்தயம் கட்டினேன், தையல்காரர் மகனிடம். ஆட்டத்துக்கு முன் அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் புழுதியைத் தேய்த்துவிட்டதும் நான்தான்.

கடைசியாகப் பாடி வந்தவன் பண்ணையார் மகன். அம்மா நடவு நட்டதும் களை எடுத்ததும் அவர்கள் வயலில்தான். பண்ணையார் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா பாய்ந்து கணுக்காலைப் பிடித்தார். பையன் குப்புற விழுந்தான். பாட்டு தேய்ந்து முனகலாயிற்று. மாமா தலையைத் தூக்கி, கூட்டத்தில் நின்ற அம்மாவை ஒரு முறை பார்த்தார். பிடியை விட்டார். பையன் தவழ்ந்துபோய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். தோற்றோம்.

அதிகாரி ஜீப்பில் ஏறிப் போனார். தையல்காரர் மகன் காசை வாங்கிக்கொண்டு, “சிலோன்லயே கையக் கழட்டி வச்சிட்டு வந்துட்டாராடா ஒங்க மாமா?” என்றான்.

வழியில் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“ஏன் தம்பி விட்டுட்டே?”

“கை வழுக்கிடுச்சுக்கா.”

புழுதி தேய்த்த எனக்கா தெரியாது? பொய் சொல்கிறார் என்று கத்தினேன். அம்மா என் தலையில் குட்டினாள். அவர் பிடியை விட்டதற்கு எனக்கு எதற்குக் குட்டு?

மறுநாள் விடிந்ததும், சம்பா அறுப்புக்கு ஆள் கூப்பிட வந்த பண்ணைக் காரியக்காரர் முதலில் எங்கள் வாசலில்தான் நின்றார். முந்தின பொங்கலில் அதே பையனை ஓட்டப் பந்தயத்தில் முந்தியவன் வீட்டுப் பக்கம் அதற்கப்புறம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்த தன் தம்பியின் காலில் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். மாமா அப்புறம் எந்த ஆலைக்கும் போகவில்லை. அதே பண்ணையில் கரும்பு வெட்டினார். அன்று போர்வைக்குள் கிடந்தவரை முறைத்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரிந்த நஷ்டம் ஒன்றே ஒன்று: நாலணா.